மூன்று சத்தியங்கள்: வார்னாப் போரும் இளமன்னன் விளாதிஸ்லாவும்

ஒரு போரின் காரணங்களை ஆராயப் புகுவோர், அதனை நடத்திய மன்னனுடைய குணத்தில் தொடங்கி, அவனுடைய ஆசையிலோ சினத்திலோ ஆராய்ச்சியை முடித்துக்கொள்வது பெரும்பாலும் வழக்கமாக இருந்து வருகிறது. மன்னன் முதிர்ந்தவனாகவும், தன் அதிகாரத்தைத் தானே செலுத்துபவனாகவும் இருந்தால் இம்முறை ஓரளவு பயன் தரும். சிறு பிராயத்திலேயே முடி சூட்டப்பட்டு, ஒரு கட்சியாரின் தயவால் இன்னொரு நாட்டின் அரியணையிலும் அமர்த்தப்பட்டு, தன் பெயரால் பிறர் செய்த உடன்படிக்கைகளுக்கும் பிறர் கேட்ட சத்தியங்களுக்கும் நடுவே அகப்பட்ட ஓர் இளைஞனைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இம்முறை போதுவதில்லை. போலந்து நாட்டுக்கும் ஹங்கேரி நாட்டுக்கும் ஒருங்கே அரசனாக இருந்து, 1444ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் கருங்கடற்கரையிலுள்ள வார்னா என்னுமிடத்தில் துருக்கியரோடு பொருது மாண்ட விளாதிஸ்லாவ், அத்தகைய மன்னர்களுள் முதன்மையானவன். அன்று அவனுக்கு இருபது வயது நிறைந்து பத்து நாட்களே ஆகியிருந்தன.

செய்த சத்தியத்தை மீறிய பாவத்துக்குத் தெய்வம் அளித்த தண்டனையே அவனுடைய மரணம் என்று ஒரு சாராரும், சமயத்துக்காக உயிர் துறந்த தியாகி அவன் என்று மற்றொரு சாராரும் ஐந்து நூற்றாண்டுகளாக எழுதி வந்துள்ளனர். இவ்விரு முடிவுகளும் மன்னன் ஒருவனையே கருத்திற்கொண்டு செய்யப்பட்டவை. அவனைப் போர்க்களத்துக்குக் கொண்டு சென்ற அரசவைச் சூழ்ச்சிகளைக் கால வரிசைப்படி நோக்கினால் வேறொரு முடிவு புலப்படும். அந்த முடிவை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு முடிகள்

விளாதிஸ்லாவ் 1424ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் கிராக்கோ நகரில் பிறந்தான். தந்தை யாகியெல்லோ, லிதுவேனியாவின் பிரபுவாக இருந்து, 1386இல் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிப் போலந்தின் அரசரானவர். தாய் சோபியா, அவருடைய நான்காம் மனைவி. முதுமையில் பெற்ற இம்மைந்தன் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோதே, 1434இல், தந்தை காலமானார். அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் சிறுவனுக்கு முடி சூட்டப்பட்டது. ஆயினும், ஆட்சியின் கடிவாளம் கிராக்கோவின் ஆயர் ஒலெஸ்னிட்ஸ்கியின் கையில் இருந்தது. அவர் ஆழ்ந்த கல்வியும் அசையாத மன உறுதியும் வாய்ந்தவர். திருச்சபையின் நலனும் போலந்தின் நலனும் ஒன்றே என்று நம்பியவர். அவரை எதிர்த்துக் கிளர்ந்த பிரபுக்கள் 1439இல் போரிலே முறியடிக்கப்பட்டபோது, சிறுவனுடைய பெயரால் ஆள்வது யார் என்னும் கேள்விக்கு ஐயத்துக்கிடமில்லாத விடை கிடைத்தது.

அதே ஆண்டில் ஹங்கேரியில் பெருங்குழப்பம் மூண்டது. செர்பியாவின் தலைநகராகிய ஸ்மெதெரெவோவைத் துருக்கிச் சுல்தான் இரண்டாம் முராத் ஆகஸ்டு மாதத்தில் கைப்பற்றினார். அவரை எதிர்க்கச் சென்ற ஹங்கேரி மன்னர் ஆல்பர்ட், பாளையத்திலே பரவிய சீதபேதியால் அக்டோபர் 27ஆம் நாள் இறந்தார். அவருடைய அரசியும், முன்னாள் மன்னர் சிகிஸ்மண்டின் ஒரே மகளுமாகிய எலிசபெத் அப்பொழுது கருவுற்றிருந்தாள். எல்லையில் துருக்கியர் நிற்கையில், பிறவாத குழந்தையை நம்பி நாட்டை விட்டுவைக்கலாகாது என்று கருதிய பிரபுக்கள், 1440 ஜனவரியில் பூடா நகரில் கூடி, போலந்தின் பதினைந்து வயது மன்னனைத் தங்களுக்கும் மன்னனாக அழைக்கத் தீர்மானித்தார்கள். முப்பது வயதைக் கடந்த எலிசபெத்தை அவன் மணந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. துருக்கியரை எதிர்ப்பதற்கு ஓர் அரசன் தேவை என்பதே இவ்வழைப்பின் முழுப்பொருள். போர் என்னும் கடமை அந்த முடியோடு சேர்த்தே அவனுக்கு அளிக்கப்பட்டது என்பதை இங்கே நன்கு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எலிசபெத்தோ இதற்கு இணங்கவில்லை. அவளுடைய நம்பிக்கைக்குரிய தோழி ஹெலேனா கொட்டானர், 1440 பிப்ரவரி 20ஆம் நாள் இரவு விஷெக்ராத் கோட்டையின் கருவூலத்திலிருந்து, ஹங்கேரியர் தெய்விகமாகப் போற்றும் புனித ஸ்தேவானின் மகுடத்தைக் களவாக எடுத்துக்கொண்டு, உறைந்து கிடந்த டான்யூப் ஆற்றைக் கடந்து அரசியிடம் சேர்ப்பித்தாள். மகுடம் வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் அரசி ஓர் ஆண் மகவை ஈன்றாள். இச்செய்திகளை அத்தோழியே எழுதுவித்துச் சென்றிருப்பதால், இடைக்காலத்தின் அரசவைச் சூழ்ச்சி ஒன்றை அதில் ஈடுபட்டவருடைய வாய்மொழியாகவே நாம் அறியும் அரிய வாய்ப்புக் கிட்டியிருக்கிறது.

வாரிசு பிறந்து இரு வாரங்கள் கழித்து, மார்ச் 8ஆம் நாள், கிராக்கோவில் தங்கியிருந்த ஹங்கேரித் தூதர்கள் விளாதிஸ்லாவுக்கு முடியளிக்கும் உடன்படிக்கையை நிறைவேற்றினார்கள். மே 15ஆம் நாள் அக்குழந்தைக்கு உண்மையான மகுடத்தைக் கொண்டு முடி சூட்டப்பட்டது. ஜூலை 17ஆம் நாள், அச்சடங்கு நடந்த அதே திருக்கோயிலில், புனித ஸ்தேவானின் திருவுருவப் பேழையிலிருந்து எடுத்த வேறொரு மகுடத்தைக் கொண்டு விளாதிஸ்லாவுக்கு முடி சூட்டப்பட்டது. முந்திய சடங்கு செல்லாதென்றும், மகுடத்தின் வலிமை நாட்டாரின் சம்மதத்தைப் பொறுத்ததென்றும் பிரபுக்கள் பிரகடனம் செய்தார்கள். அரசியற் கோட்பாடு என்ற முறையில் இது வியந்து போற்றத்தக்கதே. ஆனால் இளைஞனுக்கோ அது கால் விலங்காயிற்று. குருதியுரிமையும் மகுடமும் குழந்தையின் பக்கம் இருக்க, பிரபுக்களின் சம்மதம் ஒன்றே அவனுடைய உரிமையாக எஞ்சியது. அச்சம்மதத்தை இழந்தால் அவனுக்கு அந்நாட்டில் நிற்பதற்கு இடமில்லை.

வெற்றியின் விளைவு

அடுத்த ஈராண்டுகள் உள்நாட்டுப் போரில் கழிந்தன. அக்காலத்தில் மன்னனுடைய கட்சியை வெற்றி பெறச் செய்து, அதனால் திரான்சில்வேனியாவின் ஆளுநர் பதவியையும் பெரும் செல்வத்தையும் அடைந்தவர் ஹுன்யாடி யானோஷ். 1442இல் துருக்கியரின் இரண்டு படைகளை அவர் அடுத்தடுத்து முறியடித்ததால், சுல்தானை ஐரோப்பாவிலிருந்தே விரட்டிவிடலாம் என்னும் எண்ணம் தோன்றியது. அந்த எண்ணத்தை ஒரு பெரும் கொள்கையாக உருவாக்கியவர், போப்பாண்டவர் நான்காம் யூஜீனியஸின் பிரதிநிதியாக அவ்வாண்டில் ஹங்கேரிக்கு வந்த கர்தினால் செசாரினி.

செசாரினியைச் சூழ்ச்சிக்காரர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது நீதியாகாது. 1439இல் பிளாரன்ஸ் நகரச் சங்கத்தில் கிரேக்கத் திருச்சபையும் ரோமைத் திருச்சபையும் ஒன்றுபட வேண்டுமென்று உழைத்தவர்களுள் அவர் ஒருவர். அந்த ஐக்கியத்துக்கு இசைந்த கான்ஸ்டான்டினோபிள் பேரரசருக்கு மேற்குலகம் படையுதவி செய்தாக வேண்டும் என்று அவர் மனமார நம்பினார். எலிசபெத்துக்கும் விளாதிஸ்லாவுக்கும் 1442 டிசம்பரில் சமாதானம் செய்துவைத்தவரும் அவரே. ஆனால், சில நாட்களில் எலிசபெத் இறந்துபோனாள். உள்நாட்டுச் சண்டையை அணைத்து, அதில் ஈடுபட்டிருந்த படைகளைத் துருக்கியர்மீது திருப்ப வேண்டும் என்பதே அவர் செய்த அனைத்துக்கும் அடிப்படை. தூய நோக்கமுடைய ஒருவர், அந்நோக்கத்தின் பொருட்டே ஓர் இளைஞனின் மனச்சாட்சியைத் தம் கருவியாக்கிக்கொண்டார் என்பதுதான் இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி.

1443ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், மன்னனும் ஹுன்யாடியும், நாடிழந்து வந்திருந்த செர்பிய அரசர் பிராங்கோவிச்சும், கர்தினாலும் டான்யூபைக் கடந்து சென்றார்கள். நீஷ் நகரும் சோபியா நகரும் வீழ்ந்தன. டிசம்பரில் ஸ்லாத்தித்சாக் கணவாயைத் துருக்கியர் அடைத்து நின்றதாலும், பனியும் பசியும் வாட்டியதாலும் படை திரும்ப நேர்ந்தது. திரும்பும் வழியில் சுல்தானின் மைத்துனனும், தலைமையமைச்சர் ஹலீல் பாஷாவின் சகோதரனுமாகிய மஹ்மூத் சிறைப்பட்டான். 1444 பிப்ரவரியில் பூடா நகரம் மன்னனை வெற்றி வீரனாக வரவேற்றது. மேற்குலகெங்கும் அவன் புகழ் பரவியது. அப்புகழே அவனுக்குப் பகையாயிற்று. சிறு வெற்றி பெற்ற ஒருவனிடம் பெரு வெற்றியை எதிர்பார்ப்பது உலக இயல்பு. எதிர்பார்ப்பவர்கள் அவனுக்கு முடியளித்தவர்களாகவும் இருக்கும்போது, மறுத்துரைக்கும் சுதந்திரம் அவனிடம் எஞ்சுவதில்லை.

மூன்று சத்தியங்கள்

1444 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை நிகழ்ந்தவையே நம் ஆராய்ச்சியின் நடுப்பகுதி. ஏப்ரல் 15ஆம் நாள், பூடாவில், கர்தினாலின் முன்னிலையில், அவ்வாண்டுக்குள் துருக்கியர்மீது மீண்டும் படையெடுப்பதாக மன்னன் சத்தியம் செய்தான். அதன்பின் ஒன்பது நாட்களில், ஏப்ரல் 24ஆம் நாள், சுல்தானோடு சமாதானம் பேசுவதற்கு ஸ்தொய்கா கிஸ்தானிச் என்னும் தூதனுக்கு அதே மன்னன் அதிகாரப் பத்திரம் வழங்கினான். ஒரே மாதத்தில் தோன்றிய இவ்விரண்டு செயல்களையும் வஞ்சகம் என்று கூறுவோர் உண்டு. ஓர் உள்ளத்திலிருந்து எழுந்த வஞ்சகம் என்பதைவிட, ஒரே பெயரால் செயற்பட்ட இரு கட்சிகளின் அடையாளம் என்பதே அவற்றுக்குப் பொருத்தமான விளக்கமாகும்.

சமாதானக் கட்சிக்குத் தலைவர் பிராங்கோவிச். அவருடைய மகள் மாரா, சுல்தான் முராதின் மனைவியருள் ஒருத்தி. அவருடைய புதல்வர் இருவரும் சுல்தானின் ஆணையால் 1441இல் கண்கள் பறிக்கப்பட்டுச் சிறையில் இருந்தார்கள். நாட்டையும் மக்களையும் மீட்டுக்கொள்ள முதியவருக்கு ஒரு வழி திறந்தது. ஆசியப் பகுதியில் கரமான் நாட்டு இப்ராஹீம் கிளர்ந்தெழுந்ததால், சுல்தானும் ஐரோப்பாவில் அமைதியை விரும்பினார். மாராவின் வாயிலாகத் தொடங்கிய பேச்சு, சுல்தானின் தலைநகராகிய எதிர்னே நகரில் ஜூன் 12ஆம் நாள் முராதின் சத்தியத்தோடு ஒருவாறு முடிவுற்றது. பத்தாண்டுகள் போரில்லை என்பதும், ஸ்மெதெரெவோ உள்ளிட்ட செர்பியக் கோட்டைகளும் இரு புதல்வரும் பிராங்கோவிச்சிடம் திருப்பி ஒப்படைக்கப்படுவர் என்பதும் அதன் முக்கிய நிபந்தனைகள். போரால் கிடைக்கக்கூடியதைப் போரின்றியே பெற்றுத் தரும் உடன்படிக்கை அது. அதற்கு ஹுன்யாடியின் இசைவைப் பெறும்பொருட்டு, ஹங்கேரியில் தமக்கிருந்த பெரிய நிலவுரிமைகளைப் பிராங்கோவிச் ஜூலை மாதத்தில் அவருக்கு அளித்தார்.

போர்க்கட்சிக்கும் ஓர் உறுதியான வாதம் இருந்தது. போப்பாண்டவரும் வெனிஸ் குடியரசும் பர்கண்டிப் பிரபுவும் சேர்ந்து திரட்டிய கப்பற்படை, மன்னன் ஏப்ரலில் செய்த சத்தியத்தை நம்பி, ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் ஜலசந்திகளை நோக்கிப் புறப்பட்டிருந்தது. முராத் ஆசியாவுக்குச் சென்று, கரமானோடு சமாதானம் செய்துகொண்டு, ஆட்சிப் பொறுப்பைப் பன்னிரண்டு வயது மகன் மெஹ்மதிடம் ஒப்படைத்தார். சுல்தான் கடலுக்கப்பால் இருக்க, கப்பல்கள் வழியை அடைக்க, எதிர்னேயில் ஒரு சிறுவன் அமர்ந்திருக்க, இத்தகைய தருணம் இனி வாய்க்குமோ என்று செசாரினி கேட்டார். திருச்சபையின் இசைவின்றி வேற்றுச் சமயத்தாருக்குச் செய்யும் சத்தியம் மன்னனைக் கட்டுப்படுத்தாது என்றும், முன்னர்ச் செய்த சத்தியமே அவனைக் கட்டுப்படுத்தும் என்றும் அவர் எடுத்துரைத்தார்.

விளைவு விந்தையானது. சுல்தானின் தூதர்கள் உடன்படிக்கையை உறுதி செய்துகொள்ள வந்திருந்த வேளையில், ஆகஸ்டு 4ஆம் நாள், செகெத் நகரில், துருக்கியரோடு செய்துகொண்ட அல்லது இனிச் செய்துகொள்ளும் எந்த உடன்படிக்கையையும் பொருட்படுத்தாமல் செப்டம்பரில் படையெடுப்பதாக மன்னன் மீண்டும் சத்தியம் செய்தான். பதினொரு நாட்கள் கழித்து, ஆகஸ்டு 15ஆம் நாள், வாராத் நகரில் சமாதானம் உறுதி செய்யப்பட்டது. ஆகஸ்டு 22ஆம் நாள் ஸ்மெதெரெவோ பிராங்கோவிச்சின் கைக்கு மீண்டது. முன்கூட்டியே ரத்து செய்யப்பட்ட சத்தியம் ஒன்றை வாங்கிக்கொண்டு சுல்தான் கோட்டைகளைக் கொடுத்துவிட்டார் என்பதே இதன் பொருள்.

வாராத் நகரில் சத்தியம் செய்தவர் யார் என்பது ஆராய்ச்சியாளரிடையே பெரு விவாதத்துக்குரியதாக இருந்து வருகிறது. மன்னன் தானாக எந்தச் சத்தியமும் செய்யவில்லை, பிராங்கோவிச் செய்த தனி உடன்பாடே அது என்று போலந்து வரலாற்றாசிரியர் ஒஸ்கர் ஹலெட்ஸ்கி 1943இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். மன்னன் பெயராலும் நாட்டின் பெயராலும் சத்தியம் செய்யப்பட்டது என்று கொள்வோரே இக்காலத்தில் மிகுதி. அவனே வாய் திறந்து கூறினானாயினும், அவன் பெயரால் ஹுன்யாடி கூறினாராயினும், நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய செய்தி ஒன்றே: ஓராண்டின் நான்கு மாதங்களுக்குள் அவன் பெயரால் மூன்று சத்தியங்கள் செய்யப்பட்டன, அவற்றுள் இரண்டு போருக்கும் ஒன்று சமாதானத்துக்கும் உரியவை, மூன்றையும் கேட்டு வாங்கியவர்கள் பிறரே. அதே ஆகஸ்டு மாதத்தில், பியோத்ரகூஃப் நகரில் கூடிய போலந்துப் பிரதிநிதிகள், சமாதானத்தை ஏற்றுத் தாய்நாட்டுக்குத் திரும்புமாறு தங்கள் மன்னனை வேண்டினார்கள். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை.

வார்னாக் களம்

செப்டம்பர் மாதத்தின் பிற்பகுதியில் படை ஒர்சோவாவுக்கருகே டான்யூபைக் கடந்தது. பிராங்கோவிச் தமக்குக் கிடைத்த சமாதானத்தைக் காத்துக்கொண்டு விலகி நின்றார். நிக்கோபோலிசில் வந்து கண்ட வலாக்கிய அரசர் விளாத் திராகூல், இத்தகைய சிறு படையோடு மேற்செல்வது தகாதென்று எச்சரித்துவிட்டு, தம் மகனையும் சில ஆயிரம் குதிரை வீரரையும் உதவியாக அனுப்பினார். வழியை அடைக்க வேண்டிய கப்பற்படை தன் காரியத்தில் தவறியது. ஹலீல் பாஷா விடுத்த அழைப்பை ஏற்ற முராத், அக்டோபரில் பாஸ்பரஸ் ஜலசந்தியைக் கடந்து, விரைந்த நடையில் வடக்கு நோக்கி வந்தார். நவம்பர் 9ஆம் நாள் மாலை, கிறிஸ்தவப் படையினர் வார்னாவை அடைந்து கடலை நோக்கியபோது அங்கே தங்கள் கப்பல்கள் இல்லை; திரும்பி நோக்கியபோது மேற்கே சுல்தானின் பாளையத் தீக்கள் தெரிந்தன. ஏரிக்கும் குன்றுகளுக்கும் கடலுக்கும் இடையே அகப்பட்ட சுமார் 20,000 பேரைக் கொண்ட அப்படையை எதிர்த்து நின்றது அதனினும் மிகப் பெரிய படை.

வண்டிகளை அரணாக நிறுத்தி, கப்பல்கள் வரும்வரை தற்காத்துக்கொள்வோம் என்றார் செசாரினி. பின்வாங்க வழியில்லை, தாக்குவதே தக்கது என்றார் ஹுன்யாடி. மறுநாட் காலையில், கிறிஸ்தவரின் வலப்புற அணி தகாத வேளையில் பகைவரைத் துரத்திச் சென்று சிதைந்தது. ஹுன்யாடி பெருமுயற்சியால் நிலைமையைச் சீர்ப்படுத்தினார். அனத்தோலியப் படைத்தலைவர் கராஜா மடிந்தார். சுல்தானின் இரு சிறகுகளும் குலைந்து, நடுவே யானிசேரி எனப்படும் காவற்படை வீரர்கள் சூழ்ந்த சுல்தானின் நிலை மட்டும் அசையாது நின்றது. தாம் திரும்பும்வரை இருந்த இடத்தை விட்டு நகரலாகாது என்று ஹுன்யாடி மன்னனை வேண்டியிருந்தார். ஆனால் மன்னனோ, தன்னைச் சூழ்ந்த சுமார் 500 குதிரை வீரரோடு யானிசேரிகளின் நடுவே பாய்ந்தான். அவனுடைய குதிரை வீழ்ந்தது, அவனும் வீழ்ந்தான், தலை துண்டிக்கப்பட்டது. தலைவனை இழந்த படை சிதறியது. செசாரினி ஓடும் வழியில் மடிந்தார், ஹுன்யாடி தப்பினார்.

போரை விரும்பாது வந்தவன் இவ்வாறு பாய்ந்தது ஏன் என்னும் வினா எழுவது இயல்பே. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதன் புகழை ஹுன்யாடிக்கே விட்டுவிடலாகாது என்று அருகிலிருந்த போலந்துப் பிரபுக்கள் தூண்டியதாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. அரசவையின் கட்சிப் பொறாமை போர்க்களத்தின் நடுவிலும் அவனை விட்டு நீங்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. போரில் விருப்பமின்மை வேறு, வீரமின்மை வேறு. சமாதானத்தை நாடித் தூதனுப்பிய அதே இளைஞன், போர் தவிர்க்க முடியாததாகிவிட்டபோது முன்னணியில் நின்று போரிட்டான் என்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

சான்றுகளின் தரம்

இம்மன்னனைப் பற்றி எழுதியவர்கள் எந்நிலையில் நின்று எழுதினார்கள் என்பதையும் நாம் ஆராய வேண்டும். போலந்தின் பெரும் வரலாற்றாசிரியர் துலூகோஷ், ஆயர் ஒலெஸ்னிட்ஸ்கியின் செயலாளராக இருந்தவர். பிற்காலத்தில் போப்பாண்டவரான பிக்கோலோமினி, குழந்தை மன்னனின் பாதுகாவலராகிய பிரெடெரிக்கிடம் பணிபுரிந்தவர். இத்தாலியரான கல்லிமாக்கஸ் ஒரு தலைமுறைக்குப்பின் போலந்து அரசவையில் இருந்துகொண்டு, மன்னனைக் காவிய நாயகனாகத் தீட்டியவர். போரில் கலந்துகொண்டு உயிர் தப்பிய அந்திரேயாஸ் தெ பலாத்சியோவின் கடிதமும், துருக்கிய மொழியில் எழுதப்பட்ட படையெடுப்பு வரலாறும் களத்துக்கு மிக அருகில் நிற்பவை. சத்தியத்தை மீறியவன் என்னும் பழியும் தியாகி என்னும் புகழும் பெரும்பாலும் களத்துக்குத் தொலைவில் இருந்து எழுதியவர்களிடமிருந்தே வந்தன. உடன்படிக்கைப் பத்திரத்தை ஈட்டியில் கோத்து முராத் தம் படையின்முன் நிறுத்தினார் என்னும் புகழ்பெற்ற கதையும் நீதிபோதனைக்கு உகந்த கதையாகவே வளர்ந்து வந்துள்ளது.

பொறுப்பு யாருடையது

அவனுடைய உடல் கிடைக்கவில்லை. அதனால் அவன் உயிரோடிருக்கிறான் என்னும் நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. போலந்து மூன்றாண்டுகள் அரசனின்றி இருந்து, 1447இல் அவன் தம்பி காசிமிருக்கு முடி சூட்டியது. ஹங்கேரிப் பிரபுக்களோ, எந்தக் குழந்தையின் உரிமையைச் செல்லாதென்று அறிவித்தார்களோ அதே குழந்தையை மன்னனாக ஏற்று, 1446இல் ஹுன்யாடியை ஆட்சிப் பொறுப்பாளராக நியமித்தார்கள். எதிர்னேயில் அமர்ந்திருந்த அச்சிறுவன் மெஹ்மத், 1453இல் கான்ஸ்டான்டினோபிளைக் கைப்பற்றினான். எந்த நகரைக் காப்பதற்காகச் செசாரினி ஓர் இளைஞனைச் சத்தியம் மீறச் செய்தாரோ, அந்நகரம் காக்கப்படவில்லை.

வார்னாப் போரின் தொடக்கத்தை 1444 ஆகஸ்டு மாதத்தில் தேடுவது பிழை. 1440இல் பூடாவில் கூடிய பிரபுக்கள் போர் செய்வதற்கென்றே ஓர் அரசனைத் தேர்ந்தெடுத்து, அவனுடைய உரிமை முழுவதையும் தங்கள் சம்மதத்தில் நிறுத்திய அன்றே அப்போர் தொடங்கிவிட்டது. ஒரு கட்சியாரிடமிருந்து முடியைப் பெற்றவன் அக்கட்சியார் கேட்கும் போரை மறுக்க இயலாது. மறுத்தால் முடி போகும், இணங்கினால் உயிர் போகும் என்னும் நிலையில் ஒரு சிறுவனை நிறுத்திய பெரியோர்களே அப்போருக்கு முதற் பொறுப்பாளிகள். சத்தியம் செய்த குற்றமும் அதனை மீறிய குற்றமும் விளாதிஸ்லாவின் பெயரில் எழுதப்பட்டுள்ளன. நீதியான வரலாறு அக்குற்றங்களில் பெரும்பங்கை அச்சத்தியங்களைக் கேட்டு வாங்கியவர்களின் பெயரில் எழுத வேண்டும்.